மே மாதப் பனியும் மச்சாளின் வாளிகளும்

"…போன வருசமும் உதைத்தானே சொன்னனீர்? தொப்பி போட்டுப் பாத்தனீர், சால்வை சுத்திப் பாத்தனீர், விடியப் பாத்தால் எல்லாம் அவிஞ்ச கீரை மாதிரிக் கிடந்தது. இந்த முறையும் பட்டுதெண்டால் சனிக்கிழமை அந்த இடத்திலை புல்லுத்தான். இவர் போன கிழமையே புல்லுச் சுருளுக்கு ஓடர் குடுத்தது உமக்குத் தெரியுந்தானே. பேந்து என்னோடை கோவிக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்."

மச்சாள் இதைப் போனில் சொன்னபோது நான் மொன்றியல் டவுன்டவுனில் ஒரு ஹொட்டேலின் நிலவறையில் நின்று படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தேன். அதுதான் என் வேலை. காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். விரிப்பின் இரண்டு முனை என் கையில், மற்ற இரண்டு முனை எதிரே நின்ற ஹெயிட்டிக்காரியின் கையில். மே மாதக் கடைசிக் கிழமை, செவ்வாய்க்கிழமை. முதல் நாள்வரை சனமெல்லாம் அரைக்கால்சட்டையோடு ஐஸ்கிறீம் சாப்பிட்டுக்கொண்டு திரிந்தது. அன்று காலை பார்த்தால் போனில் உறைபனி எச்சரிக்கை. டவுன்டவுனுக்கு நாலு பாகை போட்டிருந்தது. மச்சாள் இருக்கிற இல்-பிசாருக்குப் பூச்சியத்துக்குக் கீழே ஒன்று. கட்டடமும் தார் ரோட்டும் நெருங்கிக் கிடக்கிற இடத்தில் பகல் வெயிலின் சூடு இரவிலும் கொஞ்சம் தங்கும். இல்-பிசாரோ ஆறு சுற்றிய தீவு; புல்லும் மரமும் எட்ட எட்ட வீடுகளும். பொழுதுபட்டால் அங்கே சூட்டைப் பிடித்து வைக்க ஒன்றும் இல்லை.

"மச்சாள், நான் வாறன்" என்றேன்.

"என்னத்துக்கு?"

"மூட."

"மூடி என்ன காண்பீர்? புடுங்கிச் சட்டியிலை வைச்சு வீட்டுக்குள்ளை எடும். இல்லாட்டி விடும். பாவக்காய் கடையிலை கிடக்குது."

"நட்டதைப் புடுங்கமாட்டன், மச்சாள். பாகலின்ரை வேரை ஒருக்காக் கிண்டினால் அது பேந்து தேறாது."

"எடி விசரி" என்று சொல்லி அவர் போனை வைத்தார். மச்சாள் 'நீர்' என்பதை விட்டு 'எடி'க்கு இறங்கினால் அரைவாசி சம்மதம் என்று அர்த்தம்.

மச்சாள் என் கணவரின் அக்கா. யாழ்ப்பாணத்துப் பேச்சும், நாற்பது வருசத்து மொன்றியல் வீம்பும் சேர்ந்த மனுசி. நாங்கள் லாசாலில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். பல்கனியில் ஒரு கதிரை போட்டால் ஆள் நிற்க இடமில்லை. எனக்கோ பாகற்கொடி ஒன்று கண்ணுக்கு முன்னால் ஏறவேண்டும். கடையில் வாங்குகிற பாகற்காய் விமானத்தில் வந்து களைத்துப் போனது. கையில் எடுத்தாலே வளையும். அதனால்தான் மச்சாளின் பின்வளவில் ஒரு துண்டு நிலம் கேட்டேன். மச்சாளின் புருசன், நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், தன் புல்லுத்தரையைச் சனிக்கிழமை தோறும் தலைமயிர் வெட்டுகிறமாதிரி வெட்டுகிறவர். வேலிக்கரையோடு ஆறடி அகலத்தில் புல்லைக் கிழிக்க விட்டதே பெரிய காரியம். அப்போது ஒரு வார்த்தை சொன்னார்: "நிண்டால் நிக்கட்டும். பட்டால் புல்லு." அண்ணை வருசத்துக்குப் பத்து வசனம்தான் கதைப்பார். ஆனால் கதைத்தால் அதை மாற்றமாட்டார்.

முதல் வருசம், அதாவது போன வருசம், எல்லாம் பட்டுப்போனது. அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது.

போன வருசம் மே மாதம் நடுவில் நாலு நாள் நல்ல வெயில் எறித்தது. எங்கள் ஆட்களுக்கு நாலு நாள் வெயில் போதும். மாரிச் சட்டைகளை மூட்டை கட்டி அலுமாரிக்கு மேலே ஏற்றிவிடுவோம். நானும் கன்றுகளைக் கொண்டுபோய் நட்டுவிட்டேன். அடுத்த கிழமை குளிர் திரும்பி வந்தது. எனக்குத் தெரிந்த குளிர் என்றால் என்ன? வெளியே இருந்து வந்து உடம்புக்குள் போகிறது. அதற்குத் தெரிந்த மருந்து என்ன? சுற்றிக் கட்டுவது. இந்த நாட்டுக்கு வந்திறங்கிய முதல் மாரியில் என்னை அப்படித்தான் மூன்று சட்டை, இரண்டு காலுறை என்று சுற்றிக் கட்டினார்கள். என் பிள்ளைகளை garderie என்கிற குழந்தைகள் காப்பகத்துக்கு அனுப்பும்போது நானும் கண் மட்டும் தெரியச் சுற்றித்தான் அனுப்பினேன். அதையே கன்றுகளுக்கும் செய்தேன். அலுமாரிக்கு மேலிருந்த மூட்டையை இறக்கி, பிள்ளைகளின் பழைய கம்பளித் தொப்பியை ஒவ்வொரு கன்றின் தலையிலும் கவிழ்த்து, தண்டில் சால்வையைச் சுற்றி, அடியில் இறுக்கி முடிச்சுப் போட்டேன். மிளகாய்க் கன்று ஒன்றுக்குக் கையுறைகூட மாட்டினேன்.

மச்சாள் அதைப் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டார். கீழே ஒரு வரி: "எங்கடை வளவிலை புதுசாய்த் திறந்த garderie." லண்டனிலிருந்தும் கொழும்பிலிருந்தும் சிரிப்பு வந்தது. "அந்தப் பச்சைத் தொப்பிப் பிள்ளை ஆற்றை?" என்று யாரோ கேட்டிருந்தார்கள். விடியப் பார்த்தால் பச்சைத் தொப்பியும் போய்விட்டது, சிவப்புத் தொப்பியும் போய்விட்டது. தொப்பியைக் கழற்றக் கழற்றக் கறுத்த இலை கையோடு வந்தது.

வாய்விட்டு அழுதேன் என்று சொன்னால் நம்புவீர்களா? மார்ச் மாதம் தொடங்கி யன்னலோரத்தில் ஒவ்வொரு விதையாய் முளைக்க வைத்த கன்றுகள் அவை.

அழுதுகொண்டு தொப்பிகளைப் பொறுக்கினேன். அப்போது பாத்தியின் மூலையில் ஒரு தயிர் வாளி கவிழ்ந்து கிடந்தது. தண்ணீர் ஊற்றக் கொண்டுவந்து, அப்படியே மறந்துபோய் விட்டது. அதை எடுத்தேன். அடியில் ஒரு மிளகாய்க் கன்று பச்சையாய் நின்றது. அதற்குத் தொப்பியும் இல்லை, சால்வையும் இல்லை. நான் நட்டதையே மறந்த கன்று.

மாதக் கணக்காய் அது என் தலைக்குள் சுழன்றது. சும்மா ஒரு பிளாஸ்ரிக் வாளி காப்பாற்றியதை ஏன் கம்பளி காப்பாற்றவில்லை? விடை வேலைத்தலத்தில் கிடைத்தது. ஒரு நாள் காயவைக்கும் மெஷினிலிருந்து எடுத்த விரிப்புகளை மடித்து அடுக்கிவிட்டு, கை குளிர்கிறதென்று அடுக்குக்குள் கையை விட்டேன். அரைமணித்தியாலம் கழித்தும் நடுவில் சூடு இருந்தது. பக்கத்தில் தனியாய்க் கிடந்த விரிப்போ ஐஸ் மாதிரி. நான் ஆச்சரியப்பட்டதைப் பார்த்து அந்த ஹெயிட்டிக்காரி சிரித்தாள். அவள் பிரெஞ்சில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்: "விரிப்புக்கென்று சொந்தச் சூடு ஏது? மெஷின் குடுத்ததைத்தானே வைச்சிருக்குது." எனக்கு ஆட்கள் சொல்லுகிற வார்த்தைகளில் ஒரு பைத்தியம். கேட்டதை விடமாட்டேன், வாய்க்குள் போட்டு மென்றுகொண்டே இருப்பேன். அன்றைக்கு métro-வில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே மென்றேன். பிள்ளைக்குத் தொப்பி போட்டால் பிள்ளையின் உடம்புச் சூடு உள்ளே நிற்கும். கன்றுக்கு உடம்புச் சூடு ஏது? பகல் முழுக்க வெயில் குடித்த மண்ணில்தான் சூடு. இரவில் அது மேலே எழும்பும். நானோ தண்டின் அடியில் முடிச்சுப் போட்டு, அந்தச் சூடு கன்றுக்குப் போகிற வழியை அடைத்து வைத்திருக்கிறேன்!

அது விளங்கிய பிறகு எனக்குப் பயம் போய்விட்டது. கோபம்தான் மிச்சம் இருந்தது. பனி என்னை வென்றதென்றால் பரவாயில்லை. என்னுடைய சால்வையாலேயே வென்றதுதான் பொறுக்க முடியாதது.

இந்த வருசம் ஏன் ஜூன் வரை காத்திருக்கவில்லை என்று கேட்பீர்கள். மச்சாளும் கேட்டார். ஜூன் நடுவில் நட்டால் பாகல் இலை விட்டு, கொடி விட்டு, மஞ்சள் பூவும் காட்டி, காய்க்கிற நேரத்துக்கு செப்டெம்பர் குளிர் வந்து நிற்கும். பூவைப் பார்க்கவா இவ்வளவு பாடு? அதோடு, அண்ணை புல்லுச் சுருளுக்கு ஓடர் கொடுத்தது வேறு என்னை நெருக்கியது. சனிக்கிழமை லொறி வரும்போது அந்த நிலத்தில் பச்சையாய் ஏதும் நின்றால் சுருளைத் திருப்பி அனுப்புவார். இல்லையென்றால் விரித்துவிடுவார். அவர் சொல்லிவிட்டார் அல்லவா, பட்டால் புல்லு. அதனால் போன ஞாயிற்றுக்கிழமையே நட்டேன். பாகல் எட்டு, கத்தரி ஆறு, மிளகாய் ஒன்பது.

மூன்று மணிக்கு வேலை முடிந்தது. ஹொட்டேலில் கிழிந்துபோன விரிப்புகளைத் துடைக்கிற துணியாய் வெட்டுவார்கள். மேலாளரிடம் கேட்டு ஆறு விரிப்பு வாங்கிக்கொண்டேன். லாசாலுக்கு ஓடினேன். வீட்டில் கட்டிலுக்குக் கீழே தயிர் வாளிகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி அடுக்கி வைத்திருந்தேன். அதை இரண்டு பையில் போட்டால் சின்னப் பிள்ளை உயரத்துக்கு இரண்டு தூண். என் கணவர் கதவில் சாய்ந்து நின்று பார்த்தார்.

"கடையிலை கிடக்கிறது உமக்கு வேண்டாம். கடையிலை இல்லாததுதான் வேணும்."

"ஓம்" என்றேன். "பை ஒண்டைக் கீழை வரைக்கும் தூக்கித் தாங்கோ."

இல்-பிசாருக்கு பஸ் குறைவு. இரண்டு பஸ் மாறி, மூன்றாவதுக்கு அரைமணித்தியாலம் நின்றேன். கடைசி பஸ்காரர் என் தூண்களைப் பார்த்துவிட்டு, "மேடம், இவை ரெண்டு பேருக்கும் ரிக்கெற் எடுத்தாச்சோ?" என்று பிரெஞ்சில் கேட்டார். "சின்னப் பிள்ளையள், இலவசம்" என்றேன். பஸ்ஸே சிரித்தது. சிரிப்பில் எனக்குப் பாதிக் களைப்புப் போய்விட்டது.

நான் போய்ச் சேர்ந்தபோது சூரியன் இன்னும் வேலிக்கு மேலே நின்றது. காற்று ஒரு துளி இல்லை. வானம் கழுவித் துடைத்த மாதிரி. பார்க்க வடிவான வானம், கன்றுகளுக்கு யமன். முகில் இருந்தால் அது போர்வை மாதிரிக் கொஞ்சம் மறித்திருக்கும்.

முதலில் குழாயைத் திறந்து மண்ணுக்குத் தண்ணீர் விட்டேன். ஈரமண் சூட்டைக் கூடநேரம் வைத்திருக்கும் என்பது போன வருசத்துக்குப் பிறகு நானே சட்டியில் மண் வைத்துத் தொட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தது. மச்சாள் குசினிக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"இஞ்சை பாருங்கோவன்! குளிர் வருகுதெண்டு குளிக்க வாக்கிற ஆளை நான் இப்பத்தான் பாக்கிறன்."

"மண்ணுக்குத்தான் மச்சாள், கன்றுக்கில்லை."

"இந்த முறை தொப்பி கொண்டு வரேல்லையோ? படம் எடுக்கலாமெண்டு போனையும் சார்ஜ் பண்ணி வைச்சிருக்கிறன்."

"விடிய எடுங்கோ."

பாகல் உயரமாய் நின்றதால் வாளிக்குள் அடங்காது. அண்ணையின் கராஜில் மகன்மார் விட்டுப்போன ஹொக்கி மட்டைகள் கிடந்தன. அவற்றைப் பாத்தியில் நட்டு, மேலே விரிப்பைப் போட்டு, கரை நாலும் நிலத்தில் முட்ட இழுத்துச் செங்கல் வைத்தேன். கன்றில் துணி முட்டக்கூடாது, நிலத்தில் இடைவெளி இருக்கக்கூடாது. இந்த இரண்டையும் வாய்க்குள் சொல்லிச் சொல்லித்தான் செய்தேன். பிறகு வாளிகள். கத்தரிக்கு ஆறு, மிளகாய்க்கு ஒன்பது. ஒவ்வொரு கன்றுக்கு மேலேயும் ஒன்றைக் கவிழ்த்து, விளிம்பை மண்ணில் அமத்தி, முதுகில் ஒரு கல் வைத்துக்கொண்டு போனேன்.

கடைசி வாளியில் கல் வைக்கும்போது மச்சாளின் சத்தம் நின்றுவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவர் குனிந்து ஒரு வாளியின் அடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அடுத்த வாளி. பிறகு அதற்கடுத்தது.

எங்கள் ஆட்கள் வீட்டில் தயிர் வாளி ஒன்றும் குப்பைக்குப் போகாது. சாப்பிட வந்தவர்களுக்கு மிஞ்சின கறியைப் போட்டுக் கொடுக்க அது வேண்டும். வாளி திரும்பி வரவேண்டும், அதுதான் மரியாதை. மச்சாள் இந்த விஷயத்தில் யாரையும் நம்பாதவர். தன் வாளி ஒவ்வொன்றின் அடியிலும் நகத்துக்குப் பூசுகிற சிவப்பு மையால் ஒரு பொட்டு வைத்துவிடுவார். நிமிர்ந்து நிற்கிற வாளியில் அது தெரியாது. இப்போது பதினைந்து வாளி கவிழ்ந்து நின்றது. பதின்மூன்றில் சிவப்புப் பொட்டு.

"உதெல்லாம் என்ரை வாளியெல்லோ!"

நான் கடைசி வாளியின் கல்லை இன்னொருக்கா அமத்தி வைத்தேன்.

"ஆட்டிறைச்சி தந்த வாளி. இந்தா, உது கணவாய்க் கறி. உங்கடை சின்னவனுக்குச் சுகமில்லாமல் இருந்த நேரம் ரசம் தந்தது இதுக்குள்ளைதான். நான் நிலவறை முழுக்கத் தேடி, தங்கச்சிக்காரியோடை சண்டையும் பிடிச்சிட்டன்! கட்டிலுக்குக் கீழை வைச்சு வளர்த்தனீரோ?"

"மச்சாள், நீங்கள் தந்த கறி ருசியெண்டபடியால் வாளியைப் பிரிய மனம் வரேல்லை."

"வாயைப் பாரன். நாளைக்குக் கழுவி, ஒண்டும் குறையாமல் என்ரை கையிலை தரவேணும். மண் மணத்துதெண்டால் நடக்கிறது வேறை."

"கன்று உயிரோடை நிண்டால் தரமாட்டன். அடுத்த வருசமும் வேணும்."

"அடுத்த வருசமோ? சனிக்கிழமை லொறி வருகுது, பிள்ளை."

"வரட்டும்" என்றேன். அதைச் சொன்னபோது என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது. "வந்து பாத்திட்டுப் போகட்டும். போன வருசம் எனக்கு மண் விளங்கேல்லை. இந்த வருசம் விளங்கும். இதுக்கு மேலையும் பட்டால் வாற வருசம் இன்னும் ஒண்டு விளங்கும். ஆனால் நடுறதை விடமாட்டன். உங்கடை வளவு இல்லாட்டி வேறை ஆற்றையும் வளவு. இந்தக் குளிர் நாற்பது வருசமாய் எங்களுக்குச் சொல்லுறதையெல்லாம் நாங்கள் கேட்டு நடந்தனாங்களோ, மச்சாள்?"

மச்சாள் உள்ளே போய்ப் புட்டும் முட்டைப் பொரியலும் செய்தார். சாப்பிடும்போது அண்ணை என்னைப் பார்த்து, "மூடியாச்சோ?" என்று ஒரு சொல் கேட்டார். "ஓம் அண்ணை" என்றேன். அவர் தலையாட்டினார். பத்து வசனத்தில் ஒன்று எனக்குச் செலவழிந்தது. கணவருக்குப் போன் எடுத்து அங்கேயே தங்குகிறேன் என்று சொல்லிவிட்டு, நிலவறைக் கட்டிலில் படுத்தேன். நித்திரை வந்ததா என்று கேட்காதீர்கள்.

விடிய எழும்பி யன்னலால் பார்த்தேன். வளவு முழுக்க வெள்ளை. அண்ணையின் புல்லு ஒவ்வொரு நூலும் விறைத்துக் கண்ணாடி மாதிரி நின்றது. வாளிகளின் முதுகிலும் வெள்ளை பூத்திருந்தது. உடனே ஓடிப்போய்த் திறக்கத்தான் கை துடித்தது. திறக்கக்கூடாது. வெயில் வந்து காற்றுச் சூடாகும்வரை பொறுக்கவேண்டும். தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்தேன். ஆறினதைத் திரும்பச் சுடவைத்தும் குடித்தேன். மச்சாள் இரவுச் சட்டைக்கு மேலே மாரிக் கோட்டைப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். கையில் போன்.

வெயில் வேலிக்கரைக்கு வந்ததும் இருவரும் வெளியே போனோம். மச்சாளின் செருப்புக்குக் கீழே புல்லு நொறுநொறு என்றது.

முதல் வாளியை எடுத்தேன். கத்தரிக் கன்று. இலையில் ஈரம் துளிர்த்து நின்றது. தொட்டேன்; மெத்தென்று உயிரோடு இருந்தது. இரண்டாவது. மூன்றாவது. நான் எடுக்க எடுக்க மச்சாள் வாளிகளை வாங்கி, அடியைப் பார்த்து, தன்னுடையதைத் தன் பக்கத்திலும் மற்றதை என் பக்கத்திலும் வைத்தார். பதினைந்தும் பச்சை.

பிறகு விரிப்பைத் தூக்கினேன். வேலி மூலையில், நிலம் கொஞ்சம் பதிந்த இடத்தில், செங்கல் ஒன்று சரிந்து கரை கிளம்பியிருந்தது. எந்தப் பூனை வேலையோ. அந்த இடத்தில் மூன்று பாகல் கறுத்துத் தொங்கின. மற்ற ஐந்தும் நின்றன. ஒரு கொடி இரவோடு இரவாய் ஹொக்கி மட்டையை ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது.

"மூண்டு போச்சுது" என்றார் மச்சாள்.

"இருபது நிக்குது" என்றேன்.

அவர் போனைத் தூக்கினார். குடும்பக் குழுவுக்குப் படம் போகப்போகிறது, அந்த மூன்று கறுத்த கன்றுதான் போகப்போகிறது என்று நினைத்து முகத்தை இறுக்கிக்கொண்டேன். மச்சாள் கொஞ்ச நேரம் பாத்தியைப் பார்த்தார். பிறகு வீட்டு மேல் யன்னலைப் பார்த்தார். அங்கே திரை இன்னும் மூடித்தான் கிடந்தது.

"இவர் எழும்ப இன்னும் அரைமணித்தியாலம் இருக்குது" என்றார்.

போனைக் கோட்டுப் பைக்குள் போட்டுவிட்டுக் கராஜுக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் மண்வெட்டி. பாத்தியின் விளிம்பிலிருந்து ஒரு எட்டு அளந்து, அந்த வெள்ளைப் புல்லுக்குள் முதல் வெட்டை இறக்கினார்.